ஆறக்கூடாத எண்ணெய்

அன்று காரில் இருந்தவர்கள் மூன்று பேர். பின் இருக்கையில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் அப்பா. ஓட்டியவர் அக்காவின் கணவர், என் மச்சான். அவருக்குப் பக்கத்தில் நான், கால்மாட்டில் பூட்டியிருந்த பித்தளை வால்வில் கை வைத்தபடி. அக்கா வரவில்லை. அவரிடம் கைக்குழந்தை இருந்தது. அம்மா குவைத்தில் இருந்தார். நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது வீட்டு வேலைக்கென்று போனவர், இடையில் இரண்டு தடவை வந்து போனார். கார் அவருடைய காசில் வாங்கியது. வாங்கிய பிறகு அவர் ஊருக்கு வரவில்லை. அதை அவர் ரெலிபோன் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு ஊரில் பலரும் அந்த மாலையைத் தாங்கள் காருக்குள் இருந்து பார்த்ததுபோலக் கதைத்தார்கள். உள்ளே என்ன பேசப்பட்டது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வாழ்நாள் முழுக்க வட்டை வயல்களில் வெயில் குடித்து, வாய்க்கால் தண்ணீர் குடித்து, மருந்தடித்த கையோடு வெற்றிலை போட்டவர். காரணம் இன்னதென்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தத்தைக் கழுவி விடுவார்கள். ஒரு முறை தப்பினால் உடம்பில் தண்ணீர் ஏறும், ஏறிய தண்ணீர் நெஞ்சுக்குப் போகும் என்று அங்குள்ள தாதி எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார். வீட்டில் படித்தவன் நான் மட்டும்தான் என்பதால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம், தப்பவிடக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊர் பழுகாமத்துக்கும் அங்கால், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம். பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிகுடியில் பெரிய றோட்டில் ஏறி, காத்தான்குடி, நாவற்குடா, கல்லடிப் பாலம் என்று போக வேண்டும். டீசல் இருந்த காலத்தில் அது ஒரு பிரயாணமாகவே தெரியாது. அப்பா பாலத்தில் ஒருதரம் கண் விழித்து வாவியைப் பார்ப்பார், மறுகாலும் தூங்கிவிடுவார்.

பிறகு டீசல் இல்லாமல் போனது. அந்த வருடத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் செட்டுக்கு முன்னால் லொறிகளுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தோம். நோயாளி என்று கிராம சேவகர் கடிதம் தந்தார். கடிதத்தைக் காட்டினால் ஐந்து லீற்றர் அடித்தார்கள். செட்டில் எண்ணெய் இருந்தால்தான் அதுவும். இரண்டு முறை அப்பாவைக் கொண்டுபோக முடியாமற் போகும் என்ற நிலை வந்து, கடைசி நேரத்தில் ஒரு ட்ரக்டர்க்காரர் தன் தாங்கியிலிருந்து வாய் வைத்து உறிஞ்சி எடுத்துத் தந்தார். மூன்றாம் முறை அவரிடமும் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் எடுத்தவன். வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் அப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார், அம்மா கையெழுத்து மட்டும் வைப்பார். அதனால் ரேடியோ திருத்துவது முதல் காணி உறுதி வாசிப்பது வரை எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. இரவு முழுக்க ரெலிபோனில் தேடி, பழைய டீசல் என்ஜின்களை மரக்கறி எண்ணெயில் ஓட்டுகிற ஆட்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். எங்கள் கார் பழைய ஜப்பான் டீசல் வேகன். கம்பியூட்டர் ஒன்றும் இல்லாத என்ஜின். அதற்கு இது சரிவரும் என்று எழுதியிருந்தார்கள்.

மச்சானிடம் சொன்னபோது அவர் பீடியை எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார் குடிக்கிற அளவுக்கு எண்ணெய் இரிந்தா நாம சோத்துக்குப் பொரிச்சுச் சாப்பிட மாட்டமா மச்சான்?"

அவர் கேட்டது நியாயம். கடையில் தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் வாங்குவதற்கே யோசித்த காலம். ஆனால் நான் பொரித்துக் கழித்த எண்ணெயைத்தான் நினைத்திருந்தேன்.

செய்முறை பெரிய இரகசியம் அல்ல. மரக்கறி எண்ணெய் டீசலைவிடத் தடிப்பு. அப்படியே ஊற்றினால் பம்பும் எண்ணெய் தெளிக்கிற ஊசியும் அடைபடும். கையில் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கினால் தண்ணீர்போல இளகும், அப்போது என்ஜின் அதை டீசல் என்றே நினைத்து எரிக்கும். இருபது லீற்றர் பால் கலன் ஒன்றைக் காரின் பின்பக்கம் கட்டினோம். அதற்குள் பழைய குளிரூட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த செப்புக் குழாயைச் சுருட்டி இறக்கி, ரேடியேட்டரின் கொதிநீர் அதற்குள் சுற்றிவரச் செய்தோம். என் காலடியில் ஒரு மூன்று வழி வால்வு. ஒரு பக்கம் திருப்பினால் டீசல், மற்றப் பக்கம் எண்ணெய்.

சட்டம் ஒன்றுதான். டீசலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எண்ணெய் சூடான பிறகு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே திரும்பவும் டீசலுக்கு மாற்றி, குழாயிலும் பம்பிலும் உள்ள எண்ணெய் முழுக்க எரிந்து தீரும்வரை ஓட வேண்டும். எண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் எண்ணெய் பம்புக்குள்ளேயே ஆறும். இப்படிப் போக்குவரத்துக்கு ஒரு போத்தல் டீசல் போதும்.

இந்தச் சட்டத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். அப்பாவுக்கும் தெரியும். பட்டிருப்புப் பாலம் வந்தால் பின்னாலிருந்து, "மாத்தியாச்சா மனே?" என்று கேட்பார். கல்லடிப் பாலத்திலும் கேட்பார். "ஓம் அப்பா, மாத்தியாச்சு" என்பேன். அதற்குப் பிறகு வேறு பேச்சு இருக்காது.

எண்ணெய் தந்தது காத்தான்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. றோல்ஸும் கட்லட்டும் பொரித்த கோழியும் போடுகிற கடை. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, உரிமையாளரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் கறுத்த எண்ணெய்க் கானைக் கையில் தூக்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க தம்பி. இதக் கொண்டுபோய் வேறாக்களுக்குப் பொரிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

காருக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளேயிருந்த சமையல்காரரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள் என்றார். காரைக் காட்டினேன். பின் இருக்கையில் அப்பாவைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. அதற்குப் பிறகு பேருக்கு ஒரு சின்னத் தொகைதான் வாங்கினார். அப்பாவுக்கு உப்பில்லாத கஞ்சி வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

கொண்டுவந்த எண்ணெயை வெயிலில் வைத்து, அடியில் தங்குகிற தூளை விட்டு மேலே உள்ளதை மட்டும் அக்காவின் பழைய நூல் சேலையை நாலாய் மடித்து வடிப்போம். பிறகும் அது பொரித்த மணம் மணக்கும். கார் போகிற இடமெல்லாம் அந்த மணம். ஒழுங்கைக்குள் நுழைந்தால் நாய்கள் எழும்பி வரும். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு வடைக்கார் என்று பெயர் வைத்தார்கள். வாசலில் நிற்கிற பெண்கள், "வடைக்கார் போகுதுகா, பசிக்குது" என்பார்கள். அரிசியும் மாவும் விலை ஏறிக் கிடந்த நாட்கள். பகிடியாகத்தான் சொன்னார்கள், ஆனால் பலருக்கும் உண்மையாகவே பசித்தது. கேட்டுக்கொண்டு போவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு செவ்வாயும் தப்பவில்லை, ஒரு வெள்ளியும் தப்பவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நான் ஒவ்வொரு முறையும் என்ஜின் சத்தத்தைக் கேட்டபடி, இன்றைக்கு எது கழன்று விழப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா குவைத்திலிருந்து ரெலிபோன் எடுக்கும்போது, "என்ட மகன் எண்ணெயில கார் ஓட்டுறான்" என்று அங்குள்ள பெண்களிடம் சொன்னதாகச் சொல்லுவார். எனக்கு அதைக் கேட்கவும் பயம்.

வைகாசி வந்தது. எங்கள் ஊரில் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருடத்தில் வைகாசியில்தான் திறக்கும். திறந்து, சடங்கு நடந்து, கடைசியில் திருக்குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்ச்சியாக்கி அடைக்கும்வரை ஊரே வேறு மாதிரி இருக்கும். எவரும் மீன் இறைச்சி தொடமாட்டார்கள். முக்கியமாக, எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பொரிப்பது இல்லை, தாளிப்பது இல்லை. மதுரையை எரித்துவிட்டு வெக்கையோடு வந்த அம்மாள் ஊருக்குள் இருக்கும்போது, எண்ணெய் கொதிக்கிற மணம் அவரிடம் போகக்கூடாது. ஊரில் எவருக்கும் அதை எடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஊருக்குள்தான் கோழி பொரித்த எண்ணெயைக் கொதிக்க வைத்துக்கொண்டு நாங்கள் ஓடினோம்.

கதவு திறந்த மறுநாளே கோயில் வண்ணக்கர் வீட்டுக்கு வந்தார். கோயில் நிருவாகம் அவர் பொறுப்பு. கோபமாக வரவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெல் விலை கதைத்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"காரை ஓட்டாதீங்க எண்டு சொல்ல வரல்ல மனே. ஊருக்குள்ள வரக்குள்ள அந்த மணம் மட்டும் வேணாம். சனம் கதைக்குது."

அது பெரிய சிக்கல் இல்லை என்று நான் சொன்னேன். எப்படியும் வீட்டுக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு டீசலுக்கு மாற்றத்தானே வேண்டும். அதை இன்னும் கொஞ்சம் முந்தி, வட்டை முடிந்து குடிமனை தொடங்குகிற மதகடியில் மாற்றினால் ஊருக்குள் மணம் வராது. வண்ணக்கருக்கும் சந்தோஷம். அப்பா என்னைக் காட்டி, "கம்பஸ் படிச்ச பொடியன்" என்றார். அவர் அப்படிச் சொல்வது மிகவும் குறைவு.

செவ்வாய்க்கிழமை அப்படியே செய்தோம். ஒரு கரைச்சலும் இல்லை. அன்று எண்ணெய் எடுக்கப் போனபோது காக்கா ஒரு விஷயம் சொன்னார். நல்ல எண்ணெய் கிடைக்காததால் அந்தக் கிழமை கட்டிக் கொழுப்பும் சேர்த்துத்தான் பொரித்தாராம். வழக்கத்தைவிட அது கெதியாக உறையும், ஆறவிடாதீர்கள் என்றார். ஆறவிட மாட்டோம் என்றேன். ஓடும்போது சூடாகத்தான் இருக்கும், நிறுத்தும்போது குழாயில் அது இருக்காது. என் கணக்கில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் களைப்பு அதிகம். இரத்தம் கழுவி முடிந்து காரில் ஏற்றியபோது, சடங்கைப் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் சொன்னார். அன்று கல்யாணக்கால் நாள். அம்மன் கல்யாணத்துக்கு நடுகிற மரக்காலை வெட்டி, பட்டுச் சுற்றி, உடுக்கும் குரவையுமாக ஊர்வலத்தில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய நாள். மச்சானின் தாய்வழிக் குலமான குடிதான் அந்தக் காலுக்குத் தோள் கொடுக்கிற குடி. அதற்காக அவர் காலையிலேயே தோய்ந்து, வேட்டி கட்டிக்கொண்டுதான் கார் ஓட்ட வந்திருந்தார். ஊர்வலம் பின்னேரம்தான், அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஒவ்வொரு வருடமும் மரத்தைக் கோயிலுக்கு மேற்கே உள்ள தோட்டத்தில்தான் வெட்டுவார்கள். அந்த வருடம் அங்கே ஏற்ற கிளை கிடைக்கவில்லையாம். வட்டைக்குள் ஒரு வளவில் பார்த்து வைத்திருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த எங்களுக்கு அது தெரியாது.

நாங்கள் வட்டை றோட்டில் திரும்பியபோது கச்சான் காற்று தூசியைக் கிளப்பி அடித்துக்கொண்டிருந்தது. மதகடிக்கு இன்னும் தூரம் இருந்தது. வளைவு திரும்பியதும் முன்னால் சனம். வெள்ளையும் மஞ்சளுமாக றோட்டை நிரப்பிக்கொண்டு, உடுக்குச் சத்தத்தோடு எங்களை நோக்கி வந்தார்கள். ஊருக்குப் போகிற பெரிய வரம்பு எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பிரிந்தது, அதில் திரும்பத்தான் வந்தார்கள். மச்சான் பிரேக் போட்டார். நான் உடனே வால்வை டீசலுக்குத் திருப்பினேன். திருப்பினாலும் உள்ளே இருக்கிற எண்ணெய் எரிந்து தீர ஐந்து நிமிடம் வேண்டும். காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. எங்கள் புகை நேரே ஊர்வலத்துக்குள் போனது.

முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்ததைக் கண்டேன். தெய்வம் ஏறி ஆடிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றார். தலைமயிர் முகத்தில் விழ, எங்கள் காரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். பூசை செய்கிற கட்டாடியார் வேப்பிலையை உயர்த்திக் காட்டினார். நிறுத்து என்பதுதான் அதன் அர்த்தம்.

மச்சான் என்னைப் பார்த்தார். சாவியில் அவர் கை இருந்தது.

"நிப்பாட்டுங்க மருமகன்," என்றார் அப்பா பின்னாலிருந்து.

"அஞ்சு நிமிசம் அப்பா. எண்ணெய் உள்ளுக்க இரிக்கு. அஞ்சு நிமிசம் ஓடட்டும்."

"அஞ்சு நிமிசம் ஆரை நிக்கச் சொல்லப்போறாய் மனே?" அவர் குரல் உயரவில்லை. "அம்மாளையா?"

பின்னுக்கு எடுக்கலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். எங்களுக்குப் பின்னால் மாட்டு வண்டில்களும் சைக்கிள்களும் வந்து நின்றுவிட்டன. மச்சான் சாவியைத் திருகினார். அதுவரை எனக்குக் கேட்காத குரவைச் சத்தம் திடீரென்று காதுக்குள் வந்தது.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். நான் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஊசி குத்தி வீங்கிய கையோடு மற்றக் கையைச் சேர்த்துக் கும்பிட்டார். கட்டாடியார் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் பட்டம் வாங்கிய அன்றும் கண்டதில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் யாரைக் குறை சொல்ல?

அவருக்குச் சட்டம் தெரியும். அதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். இரண்டு பாலத்திலும் கேட்டவர் அவர்தான். காரை நிறுத்தச் சொன்னபோது அதன் விலை அவருக்குத் தெரிந்ததா, அல்லது மகன் படித்தவன், எப்படியும் சமாளிப்பான் என்று நினைத்தாரா? நான் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தும் கேட்கவில்லை.

ஊர்வலம் வரம்பில் திரும்பியதும் காரை எடுத்திருந்தால் தப்பியிருக்கும், எண்ணெய் அப்போதும் சூடுதான். ஆனால் மரக்கால் வரம்பில் திரும்பும்போதே மச்சானை அவருடைய குடியாட்கள் இழுத்துக்கொண்டார்கள். தோள் கொடுத்தவர் கோயிலில் கால் நட்டு முடியும்வரை விலக முடியாது. சாவி அவருடைய வேட்டி மடிப்பில். கூப்பிட்டேன். உடுக்குச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவருடைய சைக்கிளில் அப்பாவை உட்காரவைத்து, நான் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மச்சான் சாவியோடு வந்தபோது இருட்டிவிட்டது. இருவரும் போய்ப் பார்த்தோம். வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. கெட்டியான பாற்சோறுபோல.

மறுநாள் காலை கொதிநீர் கொண்டுபோய்க் குழாய்களுக்கும் பம்புக்கும் மேலே ஊற்றினோம். சாக்கை நனைத்துச் சுற்றினோம். வடிகட்டியைக் கழுவினோம். பற்றறி முனகி முனகி நின்றது. கோயிலிலிருந்து வந்த பொடியன்கள் நெற்றியில் மஞ்சளோடு தள்ளிப் பார்த்தார்கள். "வடை ஆறிப் போயிற்று மச்சான்" என்று ஒருவன் சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதகுவரை தள்ளிக்கொண்டுபோய், அதன் சரிவில் வேகம் பிடித்ததும் மச்சான் கியரைப் போட்டார். என்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு உள்ளே எதுவோ முறிகிற சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து மெக்கானிக், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், சைக்கிளில் வந்தார். பம்ப் இறுகி, பெல்ற் அறுந்திருந்தது. மாற்றுப் பம்ப் கொழும்பில்தான் எடுக்க வேண்டும், வர எத்தனை நாளென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். விலையைக் கேட்டவர், எடு மனே, கடன் வாங்கி அனுப்புறன் என்றார்.

செவ்வாய்க்கிழமைக்கு வாகனம் தேடி ஊர் முழுக்கத் திரிந்தோம். வான் வைத்திருந்தவரிடம் டீசல் இல்லை. ட்ரக்டர்க்காரர் தாங்கியைத் திறந்து காட்டினார், அடியில் துரு தெரிந்தது. ஓட்டோ வைத்திருந்த ஒருவரிடம் ஒரு போத்தல் பெற்றோல் இருந்தது. அவர் மனைவிக்கு நிறைமாதம். எந்நேரமும் வலி வரலாம். அவர் அழுதுகொண்டு இல்லை என்றார். எவரும் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

திங்கள் இரவு திருக்குளிர்த்தி நடந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் வீதியில் கதிரையில் இருத்தினோம். பாடி முடிந்து குளிர்த்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான் அளவு, அதை அளந்து கொடுப்பது அக்கா. அப்பா இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். மறுபடியும் கையை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். இருவரும் தடுக்கவில்லை.

செவ்வாய் விடியப் பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றோம். வெயில் ஏறி உச்சிக்கு வந்தும் பஸ் வரவில்லை. அப்பாவை மர நிழலில் பாயில் படுக்கவைத்திருந்தோம். கால்கள் வீங்கி, அழுத்திய இடம் குழியாகவே கிடந்தது. "வீட்டுக்குப் போவம், இண்டைக்கு உடம்பு லேசாத்தான் இரிக்கு" என்றார். ஓம் என்றேன். அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை மூச்சு எடுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்துவிட்டார். அவசரத்துக்கு மட்டும் வருகிற அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தோம். தூரத்தில் இருந்து வர வேண்டும், வந்தார்கள். பட்டிருப்புப் பாலத்தில் அவர் முகமூடிக்குள்ளால் எதையோ கேட்டார். நான் குனிந்தேன். சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்கள் ஓடி ஓடிச் செய்தார்கள். ஆனால் தண்ணீர் நெஞ்சை நிரப்பிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் அப்பா போய்விட்டார்.

உடலைக் கொண்டுவர வானுக்கு டீசல் கறுப்பு விலைக்கு வாங்கினோம். இதே டீசல் நாலு நாளுக்கு முன்பும் எங்கோ ஒரு கானுக்குள் இருந்திருக்கும். அப்போது என்னிடம் காசும் இருக்கவில்லை, அந்த ஆளையும் தெரிந்திருக்கவில்லை. சாவீட்டுக்கென்று சொல்லி மச்சான் காசைக் கொண்டுபோனபோது அந்த ஆள் கும்பிட்டுத் தந்தாராம். அம்மாவுக்கு வர முடியவில்லை. வேலை செய்த வீட்டில் கடவுச்சீட்டைக் கொடுக்கவில்லை. அக்கா ரெலிபோனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. அறுகிற ஒவ்வொரு முறையும் அம்மா ஆரம்பத்திலிருந்து ஒப்பாரி வைத்தார்.

பம்ப் கொழும்பிலிருந்து அடக்கம் முடிந்த மறுநாள் வந்தது. பாஸ் கார் நின்ற மதகடிக்கே வந்து பூட்டிவிட்டு, ஓடுகிறது, வந்து எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மச்சான் போகவில்லை. நானும் போகவில்லை. ஊரில் சிலர், அம்மாள் பாதையில் எண்ணெய் மணத்தோடு போனதற்கு வந்த கோபம் என்றார்கள். வேறு சிலர், காரை நிறுத்தியிருக்கக்கூடாது, தெய்வம் ஒரு நோயாளியைக் கோபிக்குமா என்றார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள் சொல்லவும் கேட்டேன்.  நான் படித்ததில் எண்ணெய் எத்தனை பாகையில் இளகும், எத்தனையில் உறையும் என்பது இருக்கிறது. இதற்குப் பதில் அதில் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கழிந்து அம்மா ரெலிபோன் எடுத்தார். அழவில்லை. கடன் எத்தனை மாதச் சம்பளம் என்று பார்த்து, இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருக்க வேண்டுமென்று வீட்டுக்கார எஜமானியிடம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

"எல்லாத்தையும் சேத்துச் சொல்லு மனே. கலன், குழாய், பம்ப், பாஸ்ட கூலி, வான், சாவீடு, அந்தியேட்டி. ஒண்டும் விடாத. எவ்வளவு?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கூட்டினேன். பிழை வந்துவிடக்கூடாது என்று இரண்டாம் முறையும் கூட்டிவிட்டுச் சொன்னேன். நாலு இலட்சத்து முப்பத்தாறாயிரத்து எழுநூறு ரூபாய்.